பிள்ளைகளுக்காக மறுமணம் செய்துகொள்ள வேண்டுமா? ஒருவராக நின்று வளர்ப்பது பற்றி ஒரு கேள்வி

கேள்வி
எழுதியவர்: முதுநகர்த் தந்தை, கடலூர்

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். சிப்காட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையில் மூன்று ஷிப்ட் முறையில் வேலை பார்க்கிறேன். சென்ற ஆண்டு என் மனைவி புற்றுநோயால் காலமானார். மகளுக்கு வயது 11, ஆறாம் வகுப்பு படிக்கிறாள். மகனுக்கு வயது 6, வீட்டுக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் இருக்கிறான். எனக்கு இரவு ஷிப்ட் வரும் வாரங்களில் நெல்லிக்குப்பத்திலிருந்து என் மாமியார் வந்து பிள்ளைகளுடன் தங்குகிறார். மற்ற வாரங்களில் நாங்கள் மூவர் மட்டுமே.

முதலாண்டுத் திதி முடிந்ததிலிருந்து என் அக்காவும் சித்தப்பாவும் மறுமணப் பேச்சை எடுத்துவிட்டார்கள். அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். “பெண் பிள்ளை வயதுக்கு வரப்போகிற காலம், தாயில்லாத வீட்டில் அது எப்படி வளரும்? பையனும் கவனிப்பாரின்றிப் போய்விடுவான். உனக்காக வேண்டாம், பிள்ளைகளுக்காகவாவது ஒருத்தியைக் கட்டிக்கொள்” என்பதே அவர்கள் சொல்வது. எனக்கு இப்போது மறுமணத்தில் நாட்டம் இல்லை. ஆனால் என் மனம் ஒப்பாத ஒரே காரணத்தால் பிள்ளைகளுடைய வளர்ச்சி கெட்டுவிடக் கூடாதே என்ற அச்சம் இருக்கிறது.

மகள் இப்போதெல்லாம் தானாகவே விடியற்காலையில் எழுந்து, தம்பியைக் குளிப்பாட்டி, சாதம் வடித்து வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள். உறவினர்கள் எல்லோரும் அவளைப் பொறுப்பான பெண் என்று பாராட்டுகிறார்கள்.

தாய், தந்தை இருவரும் உள்ள வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கும், ஒருவர் மட்டுமே உள்ள வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கும் உண்மையிலேயே வேறுபாடு உண்டா? உண்டென்றால் அது எதனால் வருகிறது? இன்னொருவர் வீட்டுக்கு வந்துவிட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடுமா? இந்த நிலையைக் கண்டவர்களும், இதைப் படித்தறிந்தவர்களும் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

பதில் 1
எழுதியவர்: ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, திருப்பாதிரிப்புலியூர்

தம்பி, உங்கள் மனைவியின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

நம் கடலூர்க் கரையில் ஒரே காலைப் பொழுதில் எத்தனையோ வீடுகள் தாயில்லாத வீடுகளாகிப் போனதைப் பார்த்தவள் நான். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் நம் மாவட்டத்தில் இறந்தவர்களில் பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர் என்று ஆக்ஸ்பாம் என்ற பன்னாட்டுத் தொண்டு அமைப்பு அடுத்த ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறியது. படகில் ஆழ்கடலுக்குப் போயிருந்த ஆண்கள் பலர் தப்பினார்கள். மீன் வாங்குவதற்காகக் கரையில் காத்திருந்த பெண்களும், குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு ஓட முயன்ற பெண்களும் அலையில் போனார்கள். தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் இருந்து அப்போது என் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகளில் சிலர் அதன்பின் தந்தையிடம் மட்டுமே வளர்ந்தார்கள்; சிலருடைய தந்தையர் மிக விரைவிலேயே மறுமணம் செய்துகொண்டார்கள். அப்போதும் ஊரார் சொன்ன காரணம் இதேதான்: பிள்ளைகளுக்காக.

மறுமணம் நடந்த வீடுகளில் நன்றாக வளர்ந்த பிள்ளைகளும் உண்டு, துவண்டு போன பிள்ளைகளும் உண்டு. தந்தை தனியாகவே வளர்த்த வீடுகளிலும் அப்படித்தான் இருந்தது. ஆகவே, வீட்டில் பெரியவர்கள் இருவரா ஒருவரா என்பதை மட்டும் வைத்து ஒரு பிள்ளை எப்படி வரும் என்று என்னால் ஒருபோதும் கணிக்க முடிந்ததில்லை. வேறு சிலவற்றை வைத்துக் கணிக்க முடிந்தது.

முதலாவது, தாய்வழி உறவு அறுந்ததா நீடித்ததா என்பது. ஆயா (அம்மாவின் தாய்) வீட்டுக்குப் போய்வர முடிந்த பிள்ளைகள், தாய்மாமன் பொங்கலுக்குத் துணி எடுத்துக்கொண்டு வாசல் ஏறி வந்த வீட்டுப் பிள்ளைகள், தம் தாயை முழுமையாக இழக்கவில்லை. சில வீடுகளில் மறுமணத்துக்குப் பின் புது மனைவிக்குச் சங்கடமாக இருக்கும் என்று பழைய சம்பந்திகளை வரவிடாமல் செய்தார்கள். இறந்தவளின் படத்தைக்கூடக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, மூத்த பெண் பிள்ளையின் நிலை. உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த பகுதி இதுவே. உங்கள் மகள் விடியலில் எழுந்து சாதம் வடித்து, தம்பியைக் கிளப்பிவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உறவினர்கள் பாராட்டுகிறார்கள்; நான் கவலைப்படுகிறேன். தாயை இழந்த வீட்டில் மூத்த பெண் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே தாயின் இடத்தில் நின்றுவிடுகிறாள். முதலில் வீட்டுப்பாடம் நிற்கும், பிறகு தோழிகளோடு விளையாடுவது நிற்கும், தம்பிக்குக் காய்ச்சல் என்று வாரம் ஒரு நாள் விடுப்பு வரும், பத்தாம் வகுப்பில் படிப்பே நின்றுவிடும். அவள் யாரிடமும் புகார் சொல்ல மாட்டாள், ஏனென்றால் எல்லோரும் அவளைப் பாராட்டிக்கொண்டே இருக்கிறார்கள். தயவுசெய்து காலைச் சமையலை அவள் கையிலிருந்து வாங்கிவிடுங்கள். உங்கள் மகன் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் இருப்பதால், 2022 முதல் நடக்கும் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் அவனுக்குப் பள்ளியிலேயே காலை உணவு கிடைக்கும். அதைப் பயன்படுத்திக்கொள்ளக் கூச்சப்பட வேண்டாம். மகளுக்கு இரவே மாவு கரைத்து வைத்து, ஷிப்ட் முடிந்து வந்து நீங்களே தோசை வார்த்துக் கொடுத்தாலும் போதும்.

---

பதில் 2
எழுதியவர்: முந்திரித் தோப்பு, பண்ருட்டி

நான் உங்கள் அக்கா சொல்வதை ஆதரிப்பவன். இங்கு அதைச் சொல்ல ஒருவராவது வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

தனியாக வளர்ப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருக்கு மாற்று ஆள் இல்லை. அவருக்கே டெங்கு வந்து ஒரு வாரம் படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பெரிய வழியில்லை. களைத்து வந்த நேரத்தில் பிள்ளை அடம் பிடித்தால், இருவர் உள்ள வீட்டில் ஒருவர் கோபப்பட மற்றவர் அணைத்துக்கொள்வார். ஒருவரே உள்ள வீட்டில் கோபப்பட்டவரே பிறகு அணைக்கவும் வேண்டும், பல நாள் அதற்கு அவரிடம் தெம்பு இருக்காது. என் தந்தை நான் சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார். என் தாய் எங்களை அருமையாக வளர்த்தார். ஆனால் அவர் முகத்தில் எப்போதும் இருந்த களைப்பைப் பார்த்துப் பார்த்தே, எந்தக் கவலையையும் அவரிடம் சொல்லாமல் விழுங்கப் பழகிவிட்டேன். ‘தகப்பன் இல்லாத பிள்ளை’ என்று ஊர் எங்களைச் சொன்னபோது பட்ட வலி, அந்த விழுங்கலோடு ஒப்பிட்டால் சிறியது. நல்ல பெண் அமைந்தால் மறுமணத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே என் கருத்து.

---

பதில் 3
எழுதியவர்: சமூகப்பணி விரிவுரையாளர், புதுச்சேரி

பண்ருட்டி ஐயா சொல்லும் களைப்பு உண்மை. ஆய்வுகளும் அதைத்தான் வேறு சொற்களில் கூறுகின்றன. ஆனால் அதிலிருந்து அவர் வந்தடையும் முடிவுக்கு ஆய்வுகள் அவ்வளவாகத் துணை வரவில்லை என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். இவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவில் செய்யப்பட்டவை. நம் கூட்டுக் குடும்ப அமைப்புக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாதவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேறுபாடு உண்டா என்றால், சராசரியாகப் பார்க்கையில் உண்டு. சாரா மெக்லனஹன், கேரி சாண்டஃபர் என்ற இரு சமூகவியலாளர்கள் அமெரிக்காவின் பெரிய தேசியக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்து 1994-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, பெற்றோரில் ஒருவரிடம் மட்டும் வளர்ந்த பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியை முடிக்காமல் நின்றுவிடும் வாய்ப்பு, இருவரிடமும் வளர்ந்தவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. அந்த வேறுபாட்டில் சுமார் பாதிக்குக் காரணம் வருமானக் குறைவுதான் என்று காட்டினார்கள். மீதியில் பெரும் பங்கு, பிள்ளையைக் கவனிக்கப் பெரியவருக்குக் கிடைக்கும் நேரம் குறைவதாலும், அடிக்கடி வீடும் ஊரும் மாறுவதால் தெரிந்த பள்ளி, தெரிந்த அண்டை வீட்டார், தெரிந்த தோழர்கள் எல்லாம் கைவிட்டுப் போவதாலும் வருகிறது. உங்களுக்கு வருமானம் நிற்கவில்லை, வீடு மாறவில்லை. ஆகவே அந்தச் சராசரி உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு.

பிரிவு எவ்வாறு நேர்ந்தது என்பதும் முக்கியம். பால் அமேட்டோ, புரூஸ் கீத் இருவரும் 1991-இல் 92 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மணமுறிவு நேர்ந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு, பொதுவாக மக்கள் அஞ்சும் அளவுக்குப் பெரிதாக இல்லை. பெற்றோரில் ஒருவரை மரணத்தால் இழந்த பிள்ளைகள் மணமுறிவு வீட்டுப் பிள்ளைகளைவிடச் சற்று மேலான நிலையில் இருந்தார்கள். பிரிவதற்கு முன்னும் பின்னும் நடக்கும் சண்டையே பிள்ளைகளை அதிகம் வதைக்கிறது என்ற கருத்துக்கு அந்த ஆய்வில் வலுவான ஆதாரம் கிடைத்தது. இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்து ஒருவரையொருவர் தினமும் குத்திக் கிழிக்கும் வீடும், தந்தை குடித்துவிட்டு வந்து தாயை அடிக்கும் வீடும் கணக்கெடுப்பில் ‘இரு பெற்றோர் வீடு’ என்றே பதிவாகும்.

உங்களுக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது ஹார்வர்டில் வில்லியம் வார்டன், ஃபிலிஸ் சில்வர்மன் ஆகியோர் பாஸ்டன் பகுதியில் நடத்திய ஆய்வு. தாயையோ தந்தையையோ இழந்த 70 குடும்பங்களைச் சேர்ந்த 125 பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் தேறிவந்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினருக்கு இரண்டாம் ஆண்டின் முடிவில் கடுமையான சிக்கல்கள் இருந்தன. முதல் ஆண்டில் அமைதியாகத் தோன்றிய சில பிள்ளைகளுக்கு இரண்டாம் ஆண்டில்தான் துன்பம் வெளிப்பட்டது. நீங்கள் இப்போது இருப்பது அந்த இரண்டாம் ஆண்டில். ஆகவே ‘பிள்ளைகள் தேறிவிட்டார்கள்’ என்று கவனத்தைத் தளர்த்தும் காலம் இதுவல்ல. தந்தையை இழப்பதைவிடத் தாயை இழக்கும்போது அன்றாட வாழ்வு அதிகம் குலைகிறது என்பதையும் அவர்கள் கண்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை எவ்வாறு தேறும் என்பதை முன்கூட்டியே காட்டிய மிக வலுவான அறிகுறி, எஞ்சியிருக்கும் பெற்றவர் எப்படி இருக்கிறார் என்பதுதான். உங்கள் தூக்கம், உங்கள் உடல்நலம், உங்கள் துக்கத்தை நீங்கள் யாரிடமாவது பேசுகிறீர்களா என்பது ஆகியவை பிள்ளை வளர்ப்பின் பகுதிகள். டெலி-மானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண் 14416. எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இறுதியாக உங்கள் மூன்றாம் கேள்வி. மெக்லனஹன், சாண்டஃபர் ஆய்வில் பலரும் எதிர்பாராத முடிவு ஒன்று உண்டு: மாற்றாந்தாயோ மாற்றாந்தந்தையோ வந்த வீடுகளில் வருமானம் கூடியிருந்தும், அங்கு வளர்ந்த பிள்ளைகளின் நிலை சராசரியாக ஒற்றைப் பெற்றோர் வீட்டுப் பிள்ளைகளைவிட மேம்பட்டிருக்கவில்லை. மறுமணக் குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த மேவிஸ் ஹெதரிங்டன், பிள்ளைகள் பருவமடையும் வயதில் இருக்கும்போது புதியவர் வருவது மிகவும் கடினமான காலம் என்று கண்டறிந்தார். மறுமணம் கூடாது என்பதல்ல இதன் பொருள். ‘பெண்ணுக்கு 11 வயது, அதனால் உடனே செய்ய வேண்டும்’ என்று உங்கள் அக்கா சொல்லும் காரணத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வயதே சற்றுப் பொறுத்திருப்பதற்கான காரணம்.

இதே நிலையில் வருமானமும் இல்லாமல் தவிக்கும் வாசகர்கள் இருந்தால் அவர்களுக்காக ஒன்று: மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில், கணவரை இழந்தோர், கைவிடப்பட்டோர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. ஆண்டு வருமான வரம்பு கிராமப் பகுதிகளில் 72,000 ரூபாய், மற்ற இடங்களில் 96,000 ரூபாய். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும்.

---

பதில் 4
எழுதியவர்: பரங்கிப்பேட்டை மகள்

விரிவுரையாளர் கூறியதோடு நம் மாவட்டத்துக்கே உரிய ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம் பக்கங்களில் தந்தை வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்க, தாய் மட்டுமே பிள்ளைகளை வளர்க்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. நானும் அப்படி வளர்ந்தவள்தான். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வாப்பா வருவார். மற்ற நாட்களில் தொலைபேசியில் அவர் குரல் மட்டும். ஆனால் எங்களை யாரும் ஒற்றைப் பெற்றோர் வீட்டுப் பிள்ளைகள் என்று பார்த்ததில்லை, கெட்டுப்போவோம் என்று அஞ்சியதுமில்லை. தவறாமல் பணம் வந்தது, நன்னி (பாட்டி) கூடவே இருந்தார், மாமா பள்ளிக்கு வந்து கையெழுத்துப் போட்டார். இவ்வளவும் இருந்ததால் உம்மாவுக்கு மூச்சு விட முடிந்தது. ஐயா, உங்கள் மாமியார் இரவு ஷிப்ட் வாரங்களில் மட்டும் வந்து போகாமல் நிரந்தரமாக உங்களுடன் இருக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மகள் இறந்த வீட்டில் தானாக வந்து தங்குகிறேன் என்று அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். நீங்கள்தான் அழைக்க வேண்டும்.

---

பதில் 5
எழுதியவர்: அரியாங்குப்பம் வாசகி

நான் இரண்டாந்தாரமாக வந்தவள். என் கணவரின் முதல் மனைவி இறந்தபோது அவருடைய மகளுக்கு ஒன்பது வயது. இப்போது அவள் புதுச்சேரியில் கல்லூரியில் படிக்கிறாள். எங்களுக்குள் இன்று நல்ல உறவு இருக்கிறது. ஆகவே இங்கு எழுதுவதற்கு எனக்கு உரிமை உண்டு என்று எண்ணுகிறேன்.

“உனக்காக வேண்டாம், பிள்ளைகளுக்காகவாவது” என்று உங்கள் அக்கா சொன்ன வாக்கியத்தைப் படித்ததும் என் நெஞ்சு கனத்துவிட்டது. என்னையும் பெண் பார்க்க வந்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். பிள்ளைகளுக்காக மட்டும் ஒரு பெண்ணைக் கொண்டுவருவது, அவளுக்கும் கேடு, பிள்ளைகளுக்கும் கேடு. வந்த முதல் மாதத்திலேயே அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடும், தன்னைத் துணைவியாக யாரும் அழைத்து வரவில்லை, சமைக்கவும் துவைக்கவும் பிள்ளைக்குத் தலை வாரவும் அழைத்து வந்திருக்கிறார்கள் என்று. அந்த மனக்குறையைக் கணவனிடம் காட்ட முடியாதபோது அது எங்கே போய் விழும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. மாற்றாந்தாய்க் கொடுமை என்று ஊர் பேசுகிற பலவற்றின் வேர், அந்தப் பெண்ணை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்த காரணத்திலேயே இருக்கிறது.

எங்கள் வீட்டில் நிலைமை சீரானதற்கு என் கணவர் செய்த இரண்டு காரியங்கள் காரணம். மகளைக் கண்டிக்கும் பொறுப்பைத் தொடக்கத்தில் அவர் என்மேல் போடவே இல்லை. படிப்பு, கைபேசி, வெளியே போய்வரும் நேரம் எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். அதனால் அவளிடம் நட்போடு நெருங்க எனக்கு நேரம் கிடைத்தது. அடுத்து, அவளுடைய ஆயாவை நான் வந்த பிறகும் அவர் அதே மரியாதையோடு வரவேற்றார். முதல் வருடம் அந்த அம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. எனக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வந்துபோன நாட்களில் அந்தச் சிறுமியின் முகம் தெளிந்திருந்ததைப் பார்த்தபின் எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை.

பண்ருட்டி ஐயா, நல்ல பெண் அமைந்தால் என்று எழுதியிருக்கிறீர்கள். பெண் நல்லவளாக இருந்தால் மட்டும் போதாது. இவர் மனம் இன்னும் முதல் மனைவியின் துக்கத்திலேயே இருக்கிறது; இப்போது மறுமணத்தில் நாட்டம் இல்லை என்று இவரே எழுதியிருக்கிறார். எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் இப்போது வருகிறவள் அந்தத் துக்கத்தோடு போட்டியிட வேண்டியிருக்கும். அவளுடைய வாழ்க்கையையும் யாராவது எண்ணிப்பார்க்க வேண்டாமா?

---

பதில் 6
எழுதியவர்: வழக்கறிஞர், புதுச்சேரி

மறுமணம் செய்தாலும் செய்யாவிட்டாலும் நீங்கள் இப்போதே கவனிக்க வேண்டிய சட்ட விவரங்கள் சில உண்டு. உங்களுக்கு இந்துச் சட்டம் பொருந்தும் என்று கொண்டு எழுதுகிறேன்.

உங்கள் மனைவி உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய நகை, வங்கி இருப்பு, மனை ஆகிய அனைத்திலும் நீங்களும் இரு பிள்ளைகளும் சம பங்குதாரர்கள். அதாவது நகைகளில் மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுடையது. மறுமண வீடுகளில் மூளும் மனத்தாங்கல்களில் பெரும்பாலானவை, இறந்த தாயின் நகை யார் கழுத்தில் இருக்கிறது என்பதிலிருந்தே தொடங்குவதை என் தொழிலில் பார்த்து வருகிறேன். நகைகளை எடைபோட்டுப் பட்டியல் எழுதி, உங்கள் மாமியாரும் அக்காவும் சாட்சிக் கையெழுத்திட, வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிடுவது எல்லோருக்கும் நல்லது. மனை ஏதும் இருந்தால், அதில் பிள்ளைகளுக்குள்ள பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் நீங்கள் விற்க முடியாது.

இன்னொன்று பலருக்கும் தெரியாதது. தந்தை என்ற முறையில் நீங்கள் பிள்ளைகளின் இயற்கைப் பாதுகாவலர், அதாவது நீதிமன்ற நியமனம் இல்லாமலே சட்டம் ஏற்கும் பாதுகாவலர். ஆனால் அதே ஆண்டில் இயற்றப்பட்ட இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின்படி, மாற்றாந்தாய் இயற்கைப் பாதுகாவலர் ஆக மாட்டார். நாளை உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால், பிள்ளைகள் யார் பொறுப்பில் என்பதில் இரு குடும்பங்களும் நீதிமன்றம் ஏற நேரிடலாம். தாய் ஏற்கெனவே இறந்துவிட்ட நிலையில், பிள்ளைகளுக்குப் பாதுகாவலர் யார் என்பதை உயிலின் மூலம் நியமிக்கத் தந்தைக்கு அச்சட்டம் உரிமை தருகிறது. ஒரே ஒருவரை நம்பி இரு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்த உயிலை எழுதிப் பதிவு செய்வதைத் தள்ளிப்போடக் கூடாது. வருங்கால வைப்பு நிதியிலும் ஆயுள் காப்பீட்டிலும் இன்னமும் உங்கள் மனைவியின் பெயரே நாமினியாக இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

வேலை நேரம் குறித்து ஒரு குறிப்பு. மத்திய அரசு ஊழியர்களில் மனைவியை இழந்த, தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு, பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாட்கள் வரை உண்டு. தனியார் தொழிற்சாலையில் அப்படி ஓர் உரிமை இல்லை. ஆனாலும் பொது ஷிப்ட் கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுங்கள். வாய்மொழியாகக் கேட்டு மறுக்கப்பட்டவர்கள் எழுத்தில் கேட்டபோது பெற்றிருக்கிறார்கள்.

---

மறுமொழி
எழுதியவர்: முதுநகர்த் தந்தை, கடலூர்

எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. பலமுறை படித்தேன். பொது ஷிப்டுக்கு விண்ணப்பம் எழுதிவிட்டேன். கிடைத்தால் இரவுப் படிச் சம்பளம் குறையும், ஆனால் சமாளிக்கக்கூடிய அளவுதான். மாமியாரிடம் நிரந்தரமாக வந்துவிடச் சொல்லிக் கேட்டேன். பரங்கிப்பேட்டைச் சகோதரி சொன்னது சரி. நான் கூப்பிடுவேன் என்று அவர் காத்திருந்திருக்கிறார். மாமனாரையும் அழைத்துக்கொண்டு அறுவடை முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். காலைச் சமையலை நானே எடுத்துக்கொண்டேன். மகள் முதல் நாள் “நான் சரியாகச் செய்யவில்லையா அப்பா” என்று கேட்டாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னும் இரண்டு கேள்விகள். அவள் வயதுக்கு வருவது பற்றி அவளிடம் யார், எப்போது பேச வேண்டும்? நான் பேசலாமா? மேலும், மறுமணம் பற்றி உறவினர்கள் பேசுவது அவள் காதிலும் விழுகிறது. இது பற்றி அவளுடைய விருப்பத்தையே நேரடியாகக் கேட்டுவிடலாமா?

---

பதில் 7
எழுதியவர்: ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, திருப்பாதிரிப்புலியூர்

“நீ நன்றாகவே செய்தாய், ஆனால் இது அப்பாவின் வேலை” என்று சொல்லுங்கள். அவள் ஏதாவது செய்ய விரும்பினால், வார விடுமுறையில் உங்களோடு சேர்ந்து ஒரு வேளைக்கு மட்டும் சமைக்கட்டும்.

முதல் கேள்விக்கு: உடனே பேச வேண்டும். 11 வயதில் பல பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்துவிடுகிறார்கள். ஒன்றும் அறியாமல் இரத்தத்தைப் பார்க்கும் பிள்ளை, தாயை நோயில் இழந்தவள், தனக்கும் நோய் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். ஆயாவோ அத்தையோ விவரமாகச் சொல்லட்டும். ஆனால் அப்பாவுக்கும் இது தெரியும், அப்பாவிடம் சொல்லலாம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரவில் வலித்தாலும், நாப்கின் தீர்ந்தாலும் அவள் உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். ஒரு பொட்டலம் வாங்கி, அவளுக்குத் தெரியும் இடத்தில் அலமாரியில் வைத்துவிட்டு, அது அங்கே இருக்கிறது என்று இயல்பாகச் சொல்லுங்கள். ‘புதுயுகம்’ திட்டத்தில் அரசுப் பள்ளியிலும் இலவசமாகத் தருவார்கள். அவளுடைய வகுப்பாசிரியையிடமும் வீட்டு நிலையைத் தெரிவித்து வையுங்கள்.

---

பதில் 8
எழுதியவர்: அரியாங்குப்பம் வாசகி

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அது நடந்தது. என்னைப் பெண் கேட்டபோது உறவினர் ஒருவர் அந்தச் சிறுமியை உட்கார வைத்து, “உனக்குப் புது அம்மா வேண்டுமா, வேண்டாமா” என்று கேட்டிருக்கிறார். அவள் வேண்டும் என்று சொன்னாளாம். தான் அப்படிச் சொன்னது இறந்த தாய்க்குச் செய்த துரோகம் என்று அவள் பல ஆண்டுகள் மனத்துக்குள் வைத்து வருந்தியதை, பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோதுதான் என்னிடம் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால், அப்பாவின் தனிமைக்குத் தானே காரணம் என்று வருந்தியிருப்பாள். எப்படிச் சொன்னாலும் சுமை பிள்ளையின் தலையில்தான்.

ஆகவே விருப்பம் கேட்காதீர்கள், தகவல் சொல்லுங்கள். “அத்தையும் தாத்தாவும் பேசுவது உனக்குக் கேட்டிருக்கும். அப்பா இப்போது கல்யாணம் செய்துகொள்ளப் போவதில்லை. பின்னால் எப்போதாவது அப்படி எண்ணம் வந்தால், வேறு யார் சொல்வதற்கும் முன்னால் நானே உன்னிடம் சொல்வேன்” என்று சொன்னால் போதும். தம்பிக்கும் அவன் வயதுக்கேற்ப அதையே சொல்லுங்கள். உங்கள் அக்காவிடமும் சித்தப்பாவிடமும், இனி இந்தப் பேச்சைப் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் உங்களிடம் மட்டுமே பேசும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.